சின்னப் பற்றறி

ஆறாவது செவ்வாய்க்கிழமை கார் திறக்கவில்லை. கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, பஸ்ஸில் நசுங்கி வெள்ளவத்தையில் இறங்கி, கடற்கரைப் பக்க ஒழுங்கைக்குள் நடந்து வந்த டோரின், மதிலோரம் நின்ற காரின் முன்னால் சாவியை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள். சாவி என்று பேர்தான்; அதற்குப் பல் ஒன்றும் கிடையாது, பாதி தேய்ந்த சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. வழக்கமாக ஒரு தரம் அழுத்தினாலே விளக்குகள் கண் சிமிட்டி, கதவுகள் நான்கும் ‘டக்’ என்று பூட்டு விடும். இன்றைக்கு ஒன்றுமில்லை. பெட்டியைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள், வாயால் ஊதினாள், மறுபடியும் அழுத்தினாள். கண்ணாடிக்கு உள்ளே ஓட்டுநர் இருக்கையில் அவள் கணவன் கிளறன்ஸ் விரித்து வைத்த மரமணி விரிப்பு அப்படியே கிடந்தது.

கிளறன்ஸ் துறைமுகத்தில் ஒரு கிளியறிங் கொம்பனியின் ஆள். இருபத்தேழு வருடமாக அடுத்தவர்களுடைய கார்களைக் கப்பலிலிருந்து இறக்கிக் கொடுத்தவன், முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்றை இறக்கினான். அதுவும் பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடுகிற கார். அன்று கொழும்பின் காலி வீதியில் அவளை ஏற்றிக்கொண்டு போனபோது காருக்குள் இருந்த அமைதி டோரினை உலுக்கிவிட்டது. பக்கத்து பஸ்ஸின் இரைச்சல் கேட்கிறது, கடலைக்காரன் கூவுவது கேட்கிறது, தாங்கள் இருக்கும் வண்டியின் சத்தம் மட்டும் கேட்கவில்லை. கோயிலுக்குள் நற்கருணை எழுந்தேற்றும்போது அவளுக்கு வருகிற அதே மரியாதை இந்த இரும்பின்மேலும் வந்தது. சிலுவை போட்டுக்கொள்ளக் கை எழுந்ததை அவன் பார்த்து, ஒரு கிழமை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

“இதுக்கு ரெண்டு பற்றறி டோரின். பின் சீற்றுக்குக் கீழ பெரிசு, அதுதான் காரை இழுக்கிறது. டிக்கி மூலையில சின்னன் ஒண்டு. பெரிசு மந்திரி எண்டு வையன். சின்னன், கந்தோர்த் திறப்பை வைச்சிருக்கிற பியோன். பியோன் நித்திரையாய்ப் போனா மந்திரி வெளியிலதான் நிக்கவேணும்.”

ஆவணி முதல் கிழமை யாழ்ப்பாணம் குருநகரில் அவனுடைய அக்காள் இறந்துபோனாள். செத்தவீட்டுக்கென்று ஐந்து நாள் லீவு போட்டுப் போனவன். நான்காம் நாள் சண்டை தொடங்கி, கொழும்புக்கு வருகிற பாதையை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு கப்பலுக்கோ பிளேனுக்கோ இடம் வேண்டுமென்றால் முதலில் ஆமியிடமிருந்து கிளியறன்ஸ், போவதற்கான அனுமதி, கிடைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் நின்றார்கள், அவனும் நின்றான். மூன்றாம் கிழமைதான் முதல் தொலைபேசி வந்தது; அதற்குப் பிறகு, கிடைக்கிற நாட்களில் கியூவில் நின்று மூன்று நிமிடம் கதைப்பான். அதில் ஒரு நிமிடம் காருக்கு.

“ஓடாமல் விட்டா சின்னப் பற்றறி இறங்கிப்போயிடும். கிழமைக்கு ஒருக்கா பட்டனை அமத்தி அரை மணித்தியாலம் விடு. தானே ஏத்திக்கொள்ளும். சத்தம் ஒண்டும் வராது, பயப்பிடாதை.”

அரை மணித்தியாலம் பார்க்க டோரினுக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. முழு ஜெபமாலையும் பிரார்த்தனையும் சொல்லி முடித்தால் சரியாக அரை மணித்தியாலம். செவ்வாய்க்கிழமைகளில் கோயிலால் வந்த கையோடு காரில் ஏறி, இடப்பக்கத்துத் தன் இருக்கையில் அமர்ந்து, கையை எட்டிப் பட்டனை அழுத்துவாள். உடனே முன்தட்டில் எழுத்துகள் ஒளிரும். ஜப்பான்காரி ஒருத்தி மிகவும் பணிவான குரலில் ஏதோ சொல்லுவாள். “குட் மோர்னிங் மிஸ்” என்று டோரினும் பதில் சொல்லிவிட்டு மணியை எடுப்பாள். ஜப்பான்காரி என்னதான் சொன்னாளோ, உயிரோடு இருக்கிறேன் என்றுதான் டோரினுக்குக் கேட்டது. அக்கரையில் அவனும் உயிரோடு இருக்கிறான் என்றும் கேட்டது. இதெல்லாம் விசர்க்கதை என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்காமல் அவளால் ஒரு கிழமையைத் தாண்ட முடியவில்லை.

அவனுடைய இருக்கையில் மட்டும் அவள் உட்கார்ந்ததில்லை. நெட்டையன் அவன், கால் நீட்டுவதற்காக இருக்கையைக் கடைசி மட்டும் பின்னால் தள்ளியிருந்தான். மணி விரிப்பில் அவனுடைய முதுகு அழுந்திய பள்ளம் இருந்தது. ஆள் திரும்பி வருவதற்கு முன்னர் அந்த இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால், அவன் வரவில்லை என்று ஒப்புக்கொண்டது போலாகிவிடும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

“நோனா, மே வாகனய காகெத?”

இது யாருடைய வாகனம் என்று சிங்களத்தில் ஒரு குரல். திரும்பினாள். பொலிஸ் சார்ஜன்ட் ஒருவரும் ஆமிக்காரர் இருவரும். சார்ஜன்டின் கையில் கோடு போட்ட கொப்பி. நகரில் குண்டு வெடித்து ஒன்பது நாள்தான். அசையாமல் நிற்கிற வாகனங்களை ஒழுங்கை ஒழுங்கையாகப் பதிந்துகொண்டு வருகிறார்கள். இந்தக் கார் இரண்டு மாதமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னது பொய்யில்லை.

எங்களுடையதுதான் என்று சிங்களத்தில் சொன்னாள். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் “அப்படியென்றால் திற” என்று அவர் சொன்னபோது மூன்று பாஷையும் மறந்துபோயிற்று. பொத்தானை அழுத்தினாள். திறக்கவில்லை. ஆமிக்காரர் இருவரும் சொல்லாமலே நான்கடி பின்னால் போனார்கள்.

சார்ஜன்ட் கெட்ட மனிதரில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மெதுவாகத்தான் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு இந்தப் பக்கமாகத் திரும்பி வருவேன். இதை ஓட்டுகிறவர் வந்து திறந்து, ஸ்டார்ட் செய்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டு போவோம். சொந்தக்காரர் யார், இப்போது எங்கே இருக்கிறார் என்று மேலே எழுதி அனுப்ப வேண்டிவரும்.

எங்கே இருக்கிறார்! போன கிழமைதான் கிளறன்ஸ் சொல்லியிருந்தான், பெயர் லிஸ்டில் ஏறிவிட்டது, கொழும்பிலும் விசாரிப்பார்களாம், பெயருக்கு எதிராக ஒரு சொல் வராவிட்டால் இந்த மாதமே வந்துவிடலாம் என்று. திறக்க முடியாத கார் ஒன்று வெள்ளவத்தையில், அதை விட்டுவிட்டுப் போனவன் யாழ்ப்பாணத்தில். இதைவிட வேறு சொல் வேண்டுமா? அப்போது மணி பத்தே முக்கால்.

ஒழுங்கை முகப்பில் த்ரீவீல் வைத்திருக்கும் மக்கீனிடம் ஓடினாள். டயர் மாற்றுவதிலிருந்து மின்விசிறி பூட்டுவது வரை அவள் குடியிருக்கும் தொடர்மாடிக்காரருக்கு அவன்தான். மக்கீன் வந்து காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தான். கறுப்புப் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரத்திலிருந்த சின்னஞ்சிறு கொளுக்கியை நகத்தால் தள்ளினான். பெட்டிக்குள்ளிருந்து நிஜமான சாவி ஒன்று வெளியே வந்தது! இரண்டு மாதமாகத் தன் கைப்பையிலேயே கிடந்ததை அவள் வாயைப் பிளந்து பார்த்தாள்.

“ஜப்பான்காரன் எல்லாத்துக்கும் ஒரு வழி வெச்சித்தான் ஈக்கிறான் அன்ரி” என்றான் மக்கீன்.

கதவு திறந்தது, ஆனால் ஒரு விளக்கும் எரியவில்லை. பொனற்றைத் தூக்கிவிட்டு மக்கீன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் தடித்த வயர்கள் ஓடின.

“அதுல கை வெச்சா ஆள் மௌத்துதான். இருநூறு வோல்ட்டுக்கு மேலயாம். கேள்விப்பட்டிருக்கன், இன்டைக்குத்தான் கண்ணால காணுறன். பெரிசு உசிரோடதான் ஈக்கும் அன்ரி. சின்னதுதான் போயிருக்கு. கிழமைக்கு ஒருக்கா போடல்லயா?”

“போட்டனான் மக்கீன்! ஒரு கிழமையும் விடேல்ல. பட்டனை அமத்தி, அரை மணித்தியாலம் இதிலயே இருந்தனான்.”

“எந்தப் பக்கத்தால இருந்து அமத்தினீங்க?”

“இந்தப் பக்கத்தால. என்ர பக்கத்தால.”

“அப்ப பிறேக்கு?”

“பிறேக் என்னத்துக்கு? கார் ஓடவா போகுது? நிக்கத்தானே போகுது.”

மக்கீன் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் கழுத்து நரம்பு புடைத்தது. “பிறேக்க மிதிக்காட்டி இது ஸ்டார்ட் ஆகாது அன்ரி. லைட்டும் ரேடியோவும்தான் எழும்பும். நீங்க இவ்வளவு நாளும் ஏத்தல்ல, இறக்கித்தான் ஈக்கிறீங்க.”

டோரின் மதிலைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் வராது என்றானே, அந்தச் சத்தமில்லாமையை நம்பியல்லவா இருந்தாள். ஓடுகிற காரும் சத்தம் போடவில்லை, ஓடாத காரும் சத்தம் போடவில்லை. ஓட்டப் பழகிய மனுஷனுக்குப் பிறேக்கில் கால் தானாகப் போகும், அதைச் சொல்லவேண்டுமென்று அவனுக்குத் தோன்றவேயில்லை. தான் சொன்ன ஒவ்வொரு அருள்நிறை மந்திரமும் அந்தச் சின்னப் பற்றறியைத் துளித் துளியாகக் குடித்திருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு அந்தோனியார் மேலேயே கோபம் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமையாவது ஒரு குறிப்புக் காட்டியிருக்கக் கூடாதா?

மக்கீன் தன் த்ரீவீலின் பற்றறியைக் கழற்றிக்கொண்டு வந்தான். காலைச் சாப்பாட்டுக்கு வாங்குகிற ஒரு றாத்தல் பாண் அளவுகூட இல்லை. இதா இந்தப் பெரிய காரை எழுப்பப் போகிறது? பொனற்றுக்குள், டிக்கிப் பற்றறியோடு தொடுத்திருக்கிற மூலைப் பெட்டியின் சிவப்பு மூடியைத் திறந்து, வயரின் ஒரு நுனியை அங்கே வைத்தான், மற்றதை இரும்பில் வைத்தான்.

“கிளிப் இல்ல அன்ரி. ரெண்டு கையாலயும் நான் புடிச்சிட்டு நிக்கன். நீங்கதான் ஏறணும்.”

“நானா?”

“ட்ரைவர் சீற்றுல. வேற யாரு ஈக்கிறாங்க?”

ஒழுங்கை முகப்பில் சார்ஜன்டின் தொப்பி தெரிந்தது. பன்னிரண்டுக்கு இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது, ஆனால் அவர் நேரத்தோடு வருகிற மனிதராகப் போய்விட்டார். டோரின் வலப்பக்கத்துக்கு வந்து, திறந்த கதவுக்குள் மணி விரிப்பைப் பார்த்தாள். அந்தப் பள்ளத்தையும் பார்த்தாள். இந்த இரண்டு மாதத்தில் அவளாகச் செய்யக்கூடிய ஒரே காரியம் அந்த இடத்தைக் காலியாக வைத்திருப்பதுதான், அதையும் இப்போது பிடுங்குகிறார்கள். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்று வாய்க்குள் சொன்னாள். அதை அந்தோனியாருக்குச் சொன்னாளா, கிளறன்ஸுக்கா என்று அவளுக்கே தெரியாது. ஏறினாள். இருக்கையை முன்னால் இழுக்க மனம் வரவில்லை. விளிம்பிலேயே குந்தி, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காலை எட்டிப் பிறேக்கில் வைத்தாள்.

“இப்ப அமத்துங்க!”

அழுத்தினாள். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு முன்தட்டு முழுக்க விடிந்தது. ஜப்பான்காரி, இடையில் ஒன்றுமே நடக்காதது போல, அதே பணிவோடு பேசினாள். அதற்குப் பிறகு, இந்த ஐந்து செவ்வாய்க்கிழமைகளிலும் டோரின் ஒருமுறைகூடக் கண்டிராத ஒரு பச்சைச் சொல் மூலையில் எரிந்தது: றெடி.

அவள் அழுதுவிட்டாள். ஒரு றாத்தல் பாண் அளவுக்கு ஒன்று, இரண்டு வயர், ஒரு மனிதனின் இரண்டு கை. இவ்வளவு போதுமா இருநூறு வோல்ட்டை எழுப்ப? இவ்வளவு பெரியது எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, இவ்வளவு சிறியது வந்து கூப்பிடட்டும் என்றா இத்தனை நாளும் இருட்டில் காத்துக்கிடந்தது?

சார்ஜன்ட் வந்து காது கொடுத்துக் கேட்டார். “ஸ்டார்ட் இல்லையே” என்றார் சிங்களத்தில். ஸ்டார்ட்தான் என்றான் மக்கீன். இல்லை என்றார் அவர். அந்த நேரம் பார்த்து, யாரும் தொடாமல், எஞ்சின் தானாகவே உறுமி எழும்பியது. ஆமிக்காரர் இருவரும் துள்ளிப் பின்னால் பாய்ந்தார்கள். சார்ஜன்டும் பாய்ந்தார், பிறகு பாயாதவர் போலத் தொப்பியைச் சரிசெய்தார். மக்கீன் மட்டும் வயர்களை எடுத்துவிட்டு, ‘பார்த்தீர்களா’ என்பதுபோல் நின்றான்.

டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு குடையும், குருத்தோலை ஞாயிறன்று வாங்கிய காய்ந்த ஓலைச் சிலுவையும் இருந்தன. சார்ஜன்ட் ஓலையை எடுத்த இடத்திலேயே மரியாதையாக வைத்தார். பொனற்றில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அந்த நடுக்கத்தைப் பிடித்துப் பார்த்தார். பிறகு கொப்பியை விரித்தார்.

“ட்ரைவர்?”

டோரின் வாயைத் திறந்தாள். யாழ்ப்பாணம் என்ற சொல் நுனிநாக்கில் நின்றது.

“நோனா தமய் மாத்தயா”, இந்த அம்மாதான் ஐயா என்றான் மக்கீன், பற்றறியைத் தூக்கிக்கொண்டே. “கண்ணால பார்க்கிறீங்கதானே.”

சார்ஜன்ட் அவளைப் பார்த்தார். விளிம்பில் குந்தி, ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு, கண்ணீரோடு பிறேக்கை மிதித்துக்கொண்டிருக்கும் ஐம்பத்தொரு வயதுப் பெண். அவர் நம்பினாரா என்று சொல்ல முடியாது. லைசனைக் கேட்கவில்லை. பெயரைக் கேட்டார். அவள் சொல்ல, அவர் எழுதினார். தலைகீழாகத் தெரிந்த சிங்கள எழுத்தை அவள் வாசித்தாள். கார் இலக்கம். ஓட்டுநர்: டோரின். ஓடும் நிலையில் உள்ளது. சொந்தக்காரருக்கான இடத்தில் ஒரு கோடு. கிளறன்ஸ் என்ற பெயர் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

அவர்கள் அடுத்த ஒழுங்கைக்குப் போனார்கள். மக்கீன், “அரை மணித்தியாலம் அப்படியே உடுங்க, கால எடுத்தாலும் ஒண்டும் ஆகாது” என்று சொல்லிவிட்டுத் தன் த்ரீவீலுக்கு உயிர் கொடுக்கப் போனான். அவள் காலை எடுக்கவில்லை. எஞ்சின் சத்தம் அடங்கியது, பிறகு தானாக எழும்பியது, மறுபடி அடங்கியது. நடுத்திரையில் ஒரு காரின் படம் இருந்தது. அதில் சின்னச் சின்ன அம்புகள், ஒன்றன்பின் ஒன்றாக, பற்றறியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. டோரின் மெதுவாக, மிக மெதுவாக, பின்னால் சாய்ந்தாள். மணி விரிப்பின் பள்ளம் அவளுடைய முதுகுக்குப் பெரிதாக இருந்தது. பிறேக்குக்கு எட்டும்படி காலை நீட்டிக்கொண்டு, ஜெபமாலையை எடுத்து, முதல் மணியிலிருந்து தொடங்கினாள்.