வெள்ளைப் பூ வந்தால் கறுப்பு

என் கணவர் தவசிமுத்து ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பிட்டராக இருந்தார். ஓடுகிற இயந்திரத்தின் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அதை நம்புவது சிரமமாக இருக்கும். வீட்டில் அவர் இரண்டு கத்தரிக்காய்களைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்து நிற்கிற மனிதர்.

1992 ஆனி மாதம் எனக்கு வேலை உத்தரவு வந்தது. கல்யாணத்துக்கு முன்பே நர்ஸ் பயிற்சி முடித்திருந்தேன். அதற்குப் பிறகு எட்டு வருடம் அடுப்படியில் நின்றபடி காத்திருந்த வேலை அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் எங்கள் வீடு. வேலை கான்சாபுரம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில். அதுவரை பஸ் போகும். அதைத் தாண்டி நான் போய்ப் பார்க்க வேண்டிய ஊர்களுக்கு வண்டிப்பாதைதான்.

"சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்று பெரிய டாக்டரம்மா கேட்டார். தெரியாது என்றேன்.

"அடுத்த மாசம் முதல் தேதி சைக்கிளோட வந்து சேருங்க. முடியாதுன்னா இப்பவே எழுதிக் குடுத்துருங்க. உங்களுக்கு அடுத்த ஆள் காத்துக்கிட்டிருக்கா."

கோவிலுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் வாடகை சைக்கிள் எடுத்துப் பழகினேன். அந்த வருடம் ஊரெல்லாம் பெண்கள் சைக்கிள் பழகிக்கொண்டிருந்ததால் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்தவர் ஒருவர்தான். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தவர். முட்டி சிராய்ந்தது, புடவைக் கரை சங்கிலியில் மாட்டிக் கிழிந்தது, ஆனாலும் ஓட்ட வந்துவிட்டது. இனி ஒரு சைக்கிள் வாங்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

ராஜபாளையம் கடையில் ஒரு கறுப்பு லேடீஸ் சைக்கிள். எங்கள் ஊரில் சமுத்திரம் அண்ணாச்சி கடையில் ஒரு சிவப்பு. இரண்டும் பேர் பெற்ற கம்பெனி. கறுப்பு கனமானது. கம்பி பிரேக், சங்கிலியை முழுக்க மூடிய கவர். சிவப்பு இலகுவானது. ஒயர் பிரேக், ஒல்லியான டயர். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. இருந்திருந்தால் அதைச் சொல்லியாவது முடித்திருக்கலாம்.

வேலை முடிந்ததும் என் கணவர் ராஜபாளையம் கடைக்குப் போய்க் கறுப்பைச் சுற்றிப் பார்ப்பார். பஸ்ஸில் வந்து இறங்கியதும் அண்ணாச்சி கடையில் சிவப்பைச் சுற்றிப் பார்ப்பார். சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். ராஜபாளையத்துக் கடைக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். இவர் தலையைக் கண்டதுமே "ஏமி சாமி, மறுபடியுமா?" என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டது.

சாப்பாட்டு நேரத்தில் எனக்கு அறிக்கை வரும்.

"கறுப்பு காலத்துக்கும் உழைக்கும் பாத்துக்க."

"அப்போ அதையே எடுத்துருவோம்."

"கனமால்லா இருக்கு. எதிர்க்காத்துல மிதிச்சிருவியா?"

"சரி, சிவப்பு."

"அந்தப் பாதையில ஒல்லி டயரு தாங்கணுமே."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"சொல்லுதேன், சொல்லுதேன். அவசரப்பட்டு வாங்கிட்டு பொறவு நீதான் மிதிக்கணும்."

ஆடி பிறந்தது. ஆடியில் புது வண்டி எடுக்கலாமா என்று ஒரு புதுச் சந்தேகத்தோடு வந்தார். ஆவணி வரைக்கும் டாக்டரம்மா என் நாற்காலியைத் துடைத்து வைத்திருப்பாரா என்று கேட்டேன். இரண்டு சைக்கிளையும் அவர் ஓட்டிப் பார்த்தாயிற்று. அண்ணாச்சியின் மருமகன் ஓட்டிப் பார்த்தாயிற்று. என்னை மட்டும் யாரும் ஏறச் சொல்லவில்லை. ஒரு நாள் நானே போய் இரண்டிலும் ஏறி ஒரு சுற்று வந்தேன். எனக்கு இரண்டுமே நன்றாகத்தான் இருந்தன. அதை வீட்டில் சொன்னேன்.

"இதுக்குத்தான் உன்னய ஏறச் சொல்லல" என்றார். "ரெண்டும் நல்லாருக்குன்னா முடிவுக்கு வர்றது எப்பிடி?"

முதல் தேதிக்கு முந்தின நாள், உத்தரவுக் காகிதத்தை மடித்து அவர் முன்னால் வைத்தேன். "முடியலன்னு நீங்களே எழுதிக் குடுத்துருங்க. என் கையால எழுத மாட்டேன்" என்றேன். அவர் காகிதத்தைத் தொடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, கோவிலுக்குப் போயி பூப்போட்டுப் பாத்துருவோம்" என்றார்.

பூப்போட்டுப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இலையில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியாக மடித்து, சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். வைத்தியநாத சுவாமி கோவிலில் அம்மன் சன்னதி முன்னால் இரண்டு பொட்டலங்களைப் போட்டார்.

"சிவப்புப் பூ வந்தா சிவப்பு. வெள்ள வந்தா கறுப்பு."

தாயோடு வந்திருந்த ஒரு சிறுமி எடுத்துக் கொடுத்தாள். பிரித்தோம். வெள்ளை அரளி.

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "கறுப்பு. கடை அடைக்கதுக்குள்ள ராஜபாளையம் பஸ்ஸப் பிடிங்க" என்றேன்.

அவர் கொடிமரம் வரைக்கும் நடந்து வந்தார். அங்கே நின்றார்.

"ஏட்டி சீனி. நாம கேட்டது சரியில்லயோ?"

"என்ன சரியில்ல?"

"எது நல்ல சைக்கிளுன்னு கேட்டோமா, எது உனக்குத் தோதுன்னு கேட்டோமா? அம்மனுக்கே குழப்பமாயிருக்கும்லா."

எட்டு வருடத்தில் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. கோவில் என்றும் பார்க்கவில்லை.

"என்னயப் பொண்ணு பாத்துட்டுப் போயி ஆறு மாசம் பதிலே சொல்லாம இழுத்தியளே, அப்பவும் இப்பிடித்தானா? சேத்தூர்ல ஒரு பிள்ளையும் பாத்துவச்சிருந்திய. எங்க ரெண்டு பேரையும் இப்பிடித்தான் சுத்திச்சுத்திப் பாத்தியளாக்கும்?"

"அப்பவும் பூப்போட்டுத்தான் பாத்தோம்" என்றார். "அய்யனார் கோவில்ல. எங்கம்மா போடச் சொன்னா."

"எனக்கு வந்துச்சாக்கும்."

"இல்ல. சேத்தூருக்காரிக்கு வந்துச்சு."

வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் எங்களையே பார்த்தாள். நான் குரலைத் தணித்துக்கொண்டேன்.

"பொறவு?"

"பொறவு என்ன. மனசு சொணங்கிப் போச்சு. ரெண்டு நாளு சோறு எறங்கல. அப்பத்தான் தெரிஞ்சுது."

"என்ன தெரிஞ்சுது?"

"என்ன தெரிஞ்சுதுன்னா? ஒன் கழுத்துலதான தாலி கெடக்கு."

இத்தனை வருடம் இதை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்த மனிதரை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்கு நடுவிலும் ஒன்று பிடிபட்டது.

"இப்ப அந்தப் பிள்ள வெள்ளய எடுத்ததும் மனசு சொணங்குச்சா?"

கொடிமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"லேசா."

"அண்ணாச்சி கடைக்கு நடங்க."

"ஏட்டி, அம்மன் சொன்னதுக்கு மாறாவா?"

"அய்யனார் சொன்னதுக்கு மாறாத்தான இந்தக் குடும்பமே நடக்கு. நடங்க."

சமுத்திரம் அண்ணாச்சி கடைப் பலகையைப் பூட்டப் போனவர், எங்களைப் பார்த்ததும் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "மாப்ள, இன்னிக்கும் சக்கரத்தச் சுத்திவிட்டு காத வைக்கப் போறியளா? கட அடைக்கிற நேரம்."

"சிவப்ப எடுத்துக் குடுங்க அண்ணாச்சி" என்றேன். "அவிய பேசுறதுக்கு முன்னால."

மறுநாள் காலை பஸ்ஸின் கூரையில் சைக்கிளைக் கட்டும்போது, கயிற்றை இப்படிக் கட்டுவதா அப்படிக் கட்டுவதா என்று கிளீனரோடு பேசிக்கொண்டிருந்தார். கிளீனர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தானே கட்டினான். பஸ் கிளம்பிய பிறகு ஜன்னலோரம் ஓடிவந்து, "எதுக்கும் கறுப்பையே எடுத்திருக்கலாமோ?" என்றார்.

நான் வேலையில் சேர்ந்தேன். ஆறு வருடம் அந்தச் சைக்கிளில்தான் ஊர் ஊராகப் போனேன். பஞ்சரானால், சங்கிலி கழன்றால், மழையில் பிரேக் வழுக்கினால், ஒவ்வொரு தடவையும் "கறுப்பா இருந்தா இது வராது" என்பார். சொல்லிக்கொண்டே அவர்தான் சரிசெய்து கொடுப்பார். வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டார்.

1998 ஐப்பசியில் மார்வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

வருசத் திதிக்குப் படத்தைப் பெரிதாக்கி மாட்ட வேண்டியிருந்தது. வீட்டில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று, ஸ்டுடியோவில் இரவல் கோட்டுப் போட்டு எடுத்தது. நல்ல களையான படம். மற்றது, ஆயுத பூஜை அன்று சந்தனப் பொட்டு வைத்த சிவப்பு சைக்கிளோடு எடுத்தது. அதில் அவர் கேமராவைப் பார்க்காமல் குனிந்து பிரேக் ஒயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முகம் பாதிதான் தெரியும்.

ராஜபாளையம் ஸ்டுடியோவுக்கு இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். முடிவு சொல்லாமல் திரும்பி வந்தேன். மறுபடி போனேன். "எக்கா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. திதிக்கு நாள் நெருங்கிட்டு" என்றார் ஸ்டுடியோக்காரர், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

அன்று சாயங்காலம் அம்மன் சன்னதியில் பூப்போட்டுப் பார்த்தேன். வெள்ளைக்குக் கோட்டு, சிவப்புக்குச் சைக்கிள். வெள்ளைதான் வந்தது.

கொடிமரம் வரைக்கும் நடந்து வந்தேன். மறுநாள் காலையில் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சைக்கிள் படத்தைக் கொடுத்தேன்.