பொன்னுரங்கத்தின் கட்டைவிரல்

எங்கள் ஊரில் கோபித்துக்கொண்டு போன மனைவியை அழைக்கக் கணவன் நேரில் போவதில்லை. விரல் நுழைத்துத் தரையில் உருட்டும் பவுலிங் பந்தை அனுப்புகிறான். கணவன் கோபித்துக்கொண்டு போனாலும் இதே ஏற்பாடுதான். இதற்காகவே ஊர்ப் பவுலிங் கூடத்தில் மரத்தளம் முடியும் இடத்தில் சுவர் வைக்கவில்லை. அங்கிருந்து கடைவீதி தொடங்குகிறது. பந்து எந்த வீட்டுக்குள் நுழைகிறதோ, அந்த வீட்டார் பந்துக்காரரை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நான் பந்தில் துளை அமைப்பவன். பந்துக்குள் கரு என்று கனமான ஒன்று சற்றுச் சாய்ந்து கிடக்கும். அந்தச் சாய்வைக் கணித்து, கட்டைவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றுக்கும் துளை போட வேண்டும். துளை ஒரு நூல் நகர்ந்தால் பந்து ஒரு தெரு முன்னதாகவே திரும்பிவிடும். இந்தக் கலையைப் பூகோளத்தின் ஒரு கிளை என்று நான் கருதுகிறேன். எதிர்க்கடை ஜெபமணி அம்மாள் இதை மனோதத்துவம் என்கிறார். ஆகவே அவர் வாடிக்கையாளரைப் பேசவிட்டுக் கையை அளப்பார். நான் வாயை மூடச் சொல்லிவிட்டு அளப்பேன்.

மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கும் பொன்னுரங்கம் என்னிடம்தான் வந்தார். அவர் மனைவி குமுதவல்லி தபாலாபீஸ் தெருவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"என்ன தகராறு?" என்றேன்.

"அவ கேட்டு முடிக்கிறதுக்குள்ள நான் ஆமாம்னு சொல்லிடுறேனாம்."

"அப்படி நிஜமாவே சொல்–"

"ஆமாம்ண்ணே." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ இல்லாத வீட்டுல மீட்டர் ஓடுற சத்தம்தான் கேக்குது. அவ வரலைன்னா என்ன பண்ணுவேன்னே தெரியல."

வாயை மூடச் சொல்லி அளந்தேன். நல்ல கட்டைவிரல், நிதானமானது.

ஞாயிறு காலை பந்தை உருட்டினார். தபாலாபீஸ் வரை நேராகப் போய்த் திரும்ப வேண்டிய பந்து, ரேஷன் கடையிலேயே வளைந்து, வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட, என் வீட்டுக்குள் நுழைந்தது.

"கட்டைவிரலுக்கும் வாய்க்கும் ஒரே நரம்புதான்யா," என்றார் ஜெபமணி அம்மாள். "உருட்டும்போது ஆமாம்னாரு, விரலு முந்திக்கிட்டு வெளிய வந்துருச்சு. ஊமையா உக்காரவெச்சு அளந்தா இதெல்லாம் தெரியுமா?"

பொன்னுரங்கம் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தார். என் மனைவி மரகதத்துக்கு அதில் வருத்தமில்லை. "கல்யாணமானதுலேருந்து நீங்க சொன்னதைவிட அதிகமா இவர் ஒரே நாள்ல ஆமாம் சொல்லிட்டார்," என்றாள். அவரோ சாப்பிடாமல் தபாலாபீஸ் தெரு இருக்கும் திசையைப் பார்த்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தார்.

கட்டைவிரல் துளையைப் பிசின் ஊற்றி அடைத்தேன். ஜெபமணி அம்மாள் அவரைப் பேசவிட்டு அளந்து கொடுத்த அளவில் புதிதாகத் துளைத்தேன். இம்முறை பந்து சரியாகத் திரும்பி, குமுதவல்லி இருந்த வீட்டுக்குள் போய் அவள் எதிரே நின்றது. அவள் அதனிடம் ஏதோ கேட்டாளாம். முடிக்கும்வரை அது குறுக்கே பேசவில்லை. அவள் பந்தைக் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். வந்தவரே போதும் என்று எங்களுக்குச் சொல்லியனுப்பினாள்.

"அப்ப நான்?" என்றார் பொன்னுரங்கம்.

"உங்க கரு எங்க சாஞ்சிருக்குன்னு முதல்ல பாத்துருவோம்," என்றார் ஜெபமணி அம்மாள்.

பந்தின் கனமான பக்கம் தெரியவில்லையென்றால் உப்புத் தண்ணீரில் மிதக்கவிடுவது வழக்கம். கனம் கீழே போகும். பவுலிங் கூடத்துத் தொட்டியில் உப்பைக் கரைத்துப் பொன்னுரங்கத்தை மிதக்கவிட்டோம். வாய்தான் கீழே போனது. மேலே வந்த பிடரியில் மஞ்சள் பென்சிலால் குறியிட்டேன்.

பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குமுதவல்லி பார்க்க வந்தாள். தொட்டியருகே குனிந்தாள்.

"ஏங்க, நான் இத்தனை நாளா கேக்க வந்தது இதுதான். சாயங்காலம் நீங்க வந்ததும், ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசாம சும்மா உக்காந்திருக்கலாமா?"

அவள் கேட்கத் தொடங்கியபோதே தண்ணீரில் குமிழிகள் வந்தன. அவள் கேட்டு முடித்தாள். குமிழிகள் நின்றன. வெகுநேரம் கழித்துப் பொன்னுரங்கம் புரண்டு எழுந்தார். வேட்டியைப் பிழிந்தார். அவளைப் பார்த்தார். இருவரும் கடைவீதி வழியாக அப்படியே பேசாமல் நடந்து போனார்கள்.

எங்கள் வீட்டில் அவருடைய இடம் காலியானதால் பந்து அங்கே வந்துவிட்டது. நேற்றுச் சாப்பிடும்போது, ரசத்தில் உப்பு போதுமா என்று மரகதம் கேட்டாள். அவள் முடிக்குமுன்பே போதும் என்றேன். பந்து அவள் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்து, சற்று யோசித்து, மெல்ல இடது பக்கம், உப்பு ஜாடி இருந்த திசையில் உருண்டது. மரகதம் எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்துவந்து, அதன் மோதிரவிரல் துளையில் ஒரு சிட்டிகை போட்டாள்.