சரியான முகவரியை உள்ளிடவும்

"குடிபாலான்னா, குடிபாலாவில எங்கேம்மா?" என்று வேதா கேட்டபோது, சாவியை வாங்கச் சுமித்ரா கையை நீட்டியிருந்தாள்.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்களுக்கு வேதா குழாயைத் திறந்து காட்டினாள். சுமித்ராவின் அம்மா கமலம்மாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் என்று தெரிந்ததும், "ஐயோ பாவம், மாடியெல்லாம் ஏற வேண்டாம், கீழ்ப் போர்ஷனையே எடுத்துக்கோங்கோ" என்று தானாகவே சொல்லி, அவளுக்கு ஒரு நாற்காலியும் கொண்டுவந்து போட்டாள்.

சுமித்ரா பொய் சொல்லியிருக்கலாம். போன வீட்டில் சொல்லிப் பார்த்தாள். ஆதார் நகலைக் கேட்டார்கள்.

"ஏ.ஏ.டபிள்யூ.ங்க" என்றாள்.

ஆதி ஆந்திர வாடா என்பதன் சுருக்கம் அது. சித்தூர்ப் பக்கத்தில் யாரும் சாதியைக் கேட்க வேண்டியதில்லை. ஊர்ப் பெயருக்குப் பின்னால் இந்த மூன்று எழுத்து இருந்தால் சேரி என்று அர்த்தம். ரேஷன் கார்டு வரை கூடவே வரும்.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து வேதாவின் கணவர் தோதாத்ரி பேசினார். "வேதா, ராம்ப்ரசாத் அடுத்த மாசம் வரான்னு சொன்னானே, மறந்துட்டியா?"

"ஆமாம்னா, மறந்தே போயிட்டேன்" என்றாள் வேதா. சாவி முந்தானைக்குள் போயிற்று. "பிள்ளை வரானாம்மா. தப்பா நெனச்சுக்காதேள்."

தெருவுக்கு வந்ததும் கமலம்மா கேட்டாள்: "இன்னாவாம்?"

"புள்ள வர்றானாம்."

"போன வூட்லயும் புள்ளதான் வந்தான். இந்த ஊரு புள்ளைங்க அத்தினி பேரும் ஒரே மாசத்துல வர்றானுங்க போல" என்று சிரித்தவள், நாலு எட்டு வைத்துவிட்டு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திருப்பதியில் சுமித்ரா இருப்பது பெண்கள் விடுதி. அங்கே அம்மாவை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். கமலம்மா விடியற்காலையில் குடிபாலாவில் பஸ் ஏறி, சித்தூரில் மாறித் திருப்பதி வந்து, ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு அன்றே திரும்ப வேண்டும். போன வாரம் சித்தூர் பஸ் நிலையத்திலேயே மயங்கி விழுந்துவிட்டாள். இனி இந்தப் பயணம் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வீடு கிடைத்தாக வேண்டும்.

அம்மாவை அழைத்துக்கொண்டு சுமித்ரா ஆபீசுக்குப் போனாள். வாடகைக்கு வீடு தேடித் தரும் இணையதளம் ஒன்றை அவளுடைய முதலாளி சிவசங்கரன் நடத்திவந்தார். அதன் படிவங்களை எழுதுவதுதான் அவள் வேலை. படிவத்தில் யார் எதைத் தட்டினாலும் சரிபார்க்க ஒரு வரி எழுதிவைப்பாள். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயர். அடைப்புக்குறியும் சாய்கோடும் நட்சத்திரமுமாகக் கோழி கிளறியது போலிருக்கும். செல்போன் எண் பத்து இலக்கமா, பின்கோடு ஆறு இலக்கமா என்று அது பார்க்கும். பொருந்தினால் உள்ளே விடும். பொருந்தாவிட்டால் சிவப்பு எழுத்து வரும்.

சிவசங்கரன் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். ஹரிஜனவாடா, அருந்ததிவாடா, ஏ.ஏ.டபிள்யூ., எஸ்.டி. காலனி.

"ஓனருங்க போன் மேல போனும்மா. வூடு பாக்க நேரா அனுப்பிடறீங்க, மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்றதுக்கு எங்களுக்கு சங்கடமா கீதுன்றாங்க. ஜாதிக்குன்னு தனியா கட்டம் வெச்சா கேஸாயிடும். நீ அட்ரஸ்லயே புடிச்சிடு. அந்தே, அவ்ளோதான்."

"வெறும் வாடான்னு போட்டா விஜயவாடாக்காரங்களும் மாட்டிக்குவாங்க சார்."

"ஐயோ, அவங்களுக்குத் தனியா வழி வுட்டுடு."

"என் அட்ரஸும் இதான் சார்."

"தெரியும்மா, உன்னயா சொல்றேன்? நீ நம்ம பொண்ணு." அவர் குரல் உண்மையாகவே கனிந்தது. "இத முடி. நானே ஓனர்கிட்ட பேசி உனக்கு வூடு வாங்கித் தரேன். ஊரு அட்ரஸுக்கு பதிலா நம்ம ஆபீஸ் அட்ரஸ் போட்டுக்கலாம். ஒண்ணாந்தேதி அம்மாவ கூட்டிக்கினு வந்துடு."

அவளுக்கு வேலை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எழுதியதைச் சோதிக்க ஒரு முகவரி வேண்டும். தன் முகவரியைத் தட்டினாள். கட்டத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு தெலுங்கு வரி வந்தது.

டயாலிசிஸ் ஊசிக்குக் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த கமலம்மா எட்டிப் பார்த்தாள். "சிவப்பா இன்னா எய்தி கீது?"

"சரியான முகவரியை உள்ளிடவும்னு."

"தப்பா போட்டுட்டியா?"

"இல்லமா. சரியாதான் போட்டுக்கிறேன்."

"அப்பறம் இன்னாத்துக்கு தப்புன்னுது?"

சுமித்ரா அம்மாவின் வீங்கிய பாதங்களைப் பார்த்தாள். ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. வெகுநேரம் கழித்து, சிவப்பு வரியை அழித்துவிட்டு வேறொன்று எழுதினாள். அதை இணையத்தில் ஏற்றிவிட்டு அம்மாவைப் பஸ் ஏற்றிவிடப் போனாள்.

மறுநாள் காலை அவள் வரும்போது சிவசங்கரனின் இரண்டு போன்களும் அடித்துக்கொண்டிருந்தன.

"இன்னா எய்தி வெச்சுக்கிற நீ? ஓனருங்க கொதிக்கிறாங்க!"

"தப்பா எதனா கீதா சார்? சொல்லுங்க, மாத்திடறேன்."

"தப்புன்னு யாரு சொன்னா? அப்படி வெளியில எய்தலாமா? மொதல்ல அந்த லைன எடு."

"எந்த லைன் சார்? ரெண்டு கீது. கீழ இருக்கறத மட்டும் எடுத்தா, மேல இருக்கறது காரணம் சொல்லாம தடுத்துக்கினு இருக்கும்."

"வெளாடாத சுமித்ரா. வூடு வேணுமா வேணாமா உனக்கு?"

"வேணும் சார்." அவள் குரலில் கோபமில்லை, இரவெல்லாம் தூங்காத களைப்பு மட்டும் இருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டுத் தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "ரெண்டும் அங்கதான் கீது. எது வேணாமோ நீங்களே எடுத்துடுங்க."

பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

சிவசங்கரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையில் குனிந்தார். மேல் வரி, அவரே கேட்டு எழுதவைத்தது, அடைப்புக்குறியும் சாய்கோடுமாகக் கிடந்தது. அதில் எங்கே கைவைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. அவரால் படிக்க முடிந்தது கீழ் வரியை மட்டுந்தான்:

'உங்கள் முகவரி சரியானது. அந்தத் தெருவில் பிறந்தவர்களுக்கு நாங்கள் வீடு கொடுப்பதில்லை.'