தங்கச்செல்விக்குத் தெரிந்த இந்தி

1

இந்தக் கதையை நான் யோசித்து உருவாக்கவில்லை. திருச்சுழி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்செல்வி சொன்னது. அருப்புக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருக்கிறார். “கடையப் பூட்டிட்டு அக்கா வீட்டுக்குப் போறேன்” என்றார். ஏன் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மானாவாரிக் காட்டு வெயிலில் நூல்மில்லின் சங்கு ஒலிக்க…’

வேண்டாம். வெயிலை எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது.

தங்கச்செல்வியும் கணவரும் நாக்பூரில் முறுக்கு போட்டு விற்றவர்கள். அங்கே பழகிய இந்தி, காய்கறிக்குப் பேரம் பேசவும் வாடகை வீட்டுக்காரனோடு சண்டை போடவும் போதும். மில் வேலைக்கு வந்த வடக்கத்திப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வந்தால், நர்ஸ் வாசலில் நின்று “அக்கா, ஒரு நிமிசம்” என்பார். இவர் மாவுக் கையைக் கழுவிக்கொண்டு ஓடுவார். மொழிபெயர்க்க என்று அங்கே ஆள் போடவில்லை.

3

அன்று வந்தவள் சாபித்ரி. ஒடிசாக்காரி, ஏழு மாதக் கர்ப்பிணி. (சீட்டில் சாவித்திரி என்று எழுதியிருந்தார்கள். யாரும் திருத்தவில்லை.) கணவன் ஊரில். கூட வந்தவர் மில் சூப்பர்வைசர் விஜயபாண்டி.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் ராஜேஸ்வரி, “குழந்தைக்குத் துடிப்பு இல்லைன்னு சொல்லுங்கம்மா” என்றார்.

‘தங்கச்செல்வி திகைத்துப்போய்…’ இல்லை, அவர் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. “துடிப்புக்கு இந்தியில என்னன்னு எனக்குத் தெரியலங்க” என்றுதான் சொன்னார்.

பிள்ளை போய்விட்டது என்று இந்தியில் சொல்லிப் பார்த்தார்.

“எங்கே?” என்று கேட்டாள் சாபித்ரி.

பிறகு, சண்டையில் மட்டுமே சொல்லிப் பழகிய சொல்லால் சொல்ல வேண்டியதாயிற்று. செத்துவிட்டது.

4

அவள் அழவில்லை. (அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன்.) நைட் ஷிப்ட்டில் நின்றுகொண்டே இருந்ததாலா என்று கேட்டாள்.

விஜயபாண்டிக்கு இந்தி தெரியாது. ‘நைட் ஷிப்ட்’ மட்டும் விளங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தினார். “அக்கா, அதெல்லாம் டாக்டர்ட்ட சொல்லாதீக. எதுக்கு வம்பு?”

தங்கச்செல்வி டாக்டரிடம் சொல்லிவிட்டார். “அவ கேட்டத நான் முழுங்கிட்டா, அப்புறம் நான் எதுக்குங்க அங்க?” என்றார் என்னிடம்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “அதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. இல்லைன்னும் சொல்ல முடியாது.”

தங்கச்செல்வி அதையும் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ!

5

அப்போதுதான் சாபித்ரி பேசத் தொடங்கினாள். இந்தியில் அல்ல, ஒடியாவில். டாக்டரின் முகத்தைப் பார்த்து, நிறுத்தாமல், நெடுநேரம். விஜயபாண்டி வெளியே போய்விட்டார்.

“என்ன சொல்றாங்க?”

“தெரியல டாக்டர். இது அவுக ஊருப் பேச்சு.”

தங்கச்செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆமா, ஆமான்னேன். எதுக்கு ஆமான்னேன்னு எனக்கே தெரியல” என்றார். நான் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குழந்தையை எடுத்தபின் சாபித்ரியை ஊருக்கு ரயிலேற்றிவிட்டார்களாம். மறுநாள் வேறொரு பையனுக்குக் காய்ச்சல். நர்ஸ் வாசலுக்கு வந்திருக்கிறார். “போனேன். போகாம என்ன செய்ய? அதான் கொஞ்ச நாளைக்குக் கடையவே பூட்டிட்டேன்.” திருச்சுழி வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

6

அவள் பேசியதை நானே எழுதிப் பார்த்தேன். ஒருமுறை சாபமாக, ஒருமுறை பிள்ளைக்குச் சொன்னதாக, ஒருமுறை மில்லின் மேல் புகாராக. மூன்றும் நல்ல தமிழில் இருந்தன. மூன்றையும் அடித்தேன். உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும், அதையும் எழுதிவிடாதீர்கள். இடத்தை மட்டும் காலியாக விடுகிறேன்.

சாபித்ரி சொன்னது என்னவென்றால்