எந்த சூப்?

கிளம்புகிற அவசரத்தில் அப்பா கராஜ் வாசலில் நின்று இரண்டு விஷயம் சொன்னார். அம்மா நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து மாடியில் தூங்குகிறாள், சத்தம் கூடாது என்பது ஒன்று. மற்றது, "என்ஜின் ஹெட்டைத் தூக்கி சூப்புல போட்டு வை நீக்கா. நான் வந்து தேய்ச்சுக்கறேன். நாளைக்குப் பெயின்ட் அடிச்சிடலாம்."

இரண்டுக்கும் நடுவே வேறு ஏதோகூடச் சொன்னார். நீக்காவின் ஒரு காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெயின்ட் என்றதுமே மற்ற காதும் மூடிக்கொண்டது. நீல டப்பா ஒரு வாரமாக அலமாரியில் காத்திருக்கிறது.

"சரி சரி, போங்கப்பா. உங்க லாரி அழுதுட்டு இருக்கும்."

சுரங்கத்தில் ஒரு லாரி படுத்துவிட்டது என்று சனிக்கிழமையும் அதுவுமாகக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மின்னசோட்டாவின் வடகோடியில் அந்த ஊர் இரும்புச் சுரங்கத்தின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தது. அங்கே எல்லாமே இரும்புதான். வாணலி இரும்பு, கணப்பு இரும்பு, அப்பா இதுவரை பிரித்து மாட்டிய என்ஜின்களும் இரும்பு. நீக்காவின் வீட்டில் சூப் என்றால் கராஜ் மூலையில் நிற்கும் கறுப்பு டிரம். காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய எதையும் கம்பியில் கட்டி அதற்குள் இறக்கி மூடிவிட்டால், மறுநாள் காலை புதிதாகப் பிறந்த மாதிரி வெளியே வரும். கிறிஸ்துமஸ் நெருங்கினால் அக்கம்பக்கத்துப் பெண்கள்கூடக் கரி பிடித்த வாணலிகளைக் கொண்டுவந்து, "ரூடி, உன் சூப்புல கொஞ்சம் இடம் இருக்கா?" என்று கேட்பார்கள்.

இந்த என்ஜின் மட்டும் வேறு ஜாதி. பழைய வண்டிகள் உடைக்கிற இடத்திலிருந்து கொண்டுவந்தது, முழுக்க அலுமினியம். நீக்காவுக்குப் பதினேழு வயது ஆகும்போது அவள் ஓட்டப்போகும் வண்டிக்கு. அடிப்பகுதியான பிளாக்கைப் போன சனிக்கிழமை பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத்பிரஷும் வைத்து இருவரும் கழுவினார்கள். ஸ்பிரிட்டால் துடைத்தார்கள். பெயின்ட் படக்கூடாத துளைகளுக்கெல்லாம் அவள் டேப் ஒட்டினாள்.

"குழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி இருக்குப்பா."

"அலுமினியத்துக்கு மெல்லிசு மனசு. அதட்டினா தாங்காது," என்றார் அப்பா.

பிளாக்கின் மேல் உட்காரும் ஹெட்டு மட்டும்தான் பாக்கி. அதைக் கம்பியில் கட்டி, ரப்பர் கையுறை போட்டு, கண்ணாடி மாட்டி, கறுப்பு டிரம்முக்குள் இறக்கினாள். எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். மூடியும் போட்டாள். பிறகு பிளாக்கிடம் வந்து டேப்பின் ஓரங்களை நகத்தால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

பாட்டுக்கு நடுவே ஒரு சத்தம் கேட்டது. காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கினாள். மூலையில் டிரம் மூடி தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

சூப் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. அவள் கிட்டே போய்க் கொக்கியால் மூடியைத் தள்ளினாள். சாம்பல் நிற நுரை பால் பொங்குகிற மாதிரி பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்தது. வெள்ளைப் புகை மூக்கில் ஏறி ஊசியாகக் குத்தியது. பின்வாங்கியபோது கால் எதிலோ இடித்தது. பெஞ்சுக்கு அடியில் ஒரு வெள்ளைத் தொட்டி. வெதுவெதுப்பான தண்ணீர், மேலே சோப்பு நுரை, மிதக்கிற டூத்பிரஷ். அலுமினியத்துக்கென்று அப்பா காலையில் கரைத்து வைத்த இன்னொரு சூப்.

நடுவில் அவர் சொன்னது இதைத்தான்.

முதலில் வந்த பயம் அப்பாவைப் பற்றியது. திட்டமாட்டார். அதுதான் பயமே. பேசாமல் ஹெட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அம்மாவுக்கு நாற்றம் போகக் கூடாதென்று, வீட்டுக்குள் போகும் கதவின் கீழ் இடுக்கில் கந்தல் துணியைச் செருகினாள். எடுத்துக் கழுவி, கறுத்திருந்தால் மேலே நீலம் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்து வேதியியல் வகுப்பு நினைவுக்கு வந்தது. டீச்சர் இதே காஸ்டிக் தண்ணீரில் ஒரு துணுக்கு அலுமினியத் தாளைப் போட்டார். குமிழி குமிழியாக வந்தது. சோதனைக் குழாயின் வாயில் எரிகிற தீக்குச்சியைக் காட்டினார். 'டுப்' என்றது. எல்லோரும் சிரித்தார்கள். ஹைட்ரஜன், மேலே ஏறும், ஒரு பொறி போதும் என்றார் டீச்சர். அது விரல் நீளக் குழாய்.

நீக்கா மெல்லத் தலையைத் தூக்கினாள். உத்தரத்தில் கேஸ் ஹீட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது அணைந்திருந்தது. சூடு குறைந்தால் 'க்ளிக், க்ளிக்' என்று தானே பற்றிக்கொள்ளும். அதற்கு நேர் மேலே, ஒரு பலகைத் தளத்துக்கு அந்தப் பக்கம், அம்மாவின் கட்டில்.

பெரிய கதவைத் திறந்தால் போதும், எல்லாம் வெளியே போய்விடும். கை சுவரிலிருந்த பொத்தான் வரைக்கும் போய்விட்டது. தொடவில்லை. கதவைத் தூக்குகிற மோட்டாரும் உத்தரத்தில்தான் இருக்கிறது, அதிலும் பொறி பறக்கும். தவிர வெளியே மைனஸ் இருபத்தைந்து. கதவு திறந்த மறுநொடி குளிர் உள்ளே பாயும், ஹீட்டர் விழித்துக்கொள்ளும். முதலில் கேஸை மூட வேண்டும். கேஸ் குழாயின் மஞ்சள் பிடி டிரம்முக்குப் பின்னால் சுவரில் இருந்தது.

ஸ்கார்ஃபை மூக்கில் சுற்றினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே உடம்பைச் செருகினாள். நுரை பூட்ஸ் மேல் சொத்சொத்தென்று விழுந்தது. பிடி அசையவில்லை. கையுறை வழுக்கியது. பற்றிக்கொண்டு மொத்த எடையையும் கொடுத்துத் தொங்கினாள். ஒரு முனகலோடு திரும்பியது.

வெளியே வந்து, மோட்டாரைக் கதவிலிருந்து விடுவிக்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தாள். குனிந்து கதவைத் தூக்கினாள். வரவில்லை. அடியில் பனிக்கட்டி ஒட்டியிருந்தது. உதைத்துப் பார்த்தாள், தோளால் முட்டிப் பார்த்தாள். டிரம் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

இனி ஒளிக்க முடியாது. துணியைப் பிடுங்கி எறிந்து, உள்கதவைத் தனக்குப் பின்னால் சாத்திவிட்டு மாடிக்கு ஓடினாள்.

"அம்மா, எழுந்திரும்மா. லைட் போடாதே. எதையும் போடாதே."

அம்மா ஒரு கண்ணைத் திறந்தாள். "யாரு செத்துட்டாங்க?"

"இன்னும் யாரும் இல்ல. கராஜ்ல கேஸ். நான்தான் பண்ணேன். கதவைத் தூக்க முடியல."

அம்மா அடுத்த கேள்வி கேட்கவில்லை. இரவு உடைமேல் கோட்டு, காலில் அப்பாவின் பூட்ஸ். முதியோர் இல்லத்தில் ராத்திரி பூராவும் ஆட்களைத் தூக்கித் திருப்புகிற கைகள். நீக்காவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "மூணு எண்ணுறேன். முதுகால தூக்காதே, காலால தூக்கு," என்றாள். இரண்டிலேயே தூக்கிவிட்டாள். பனிக்கட்டி படாரென்று உடைந்தது. கதவு மேலே போயிற்று. குளிர் ஒரு சுவரைப் போல உள்ளே வந்து விழுந்தது.

உத்தரத்தில் க்ளிக் என்றது.

க்ளிக், க்ளிக், க்ளிக். கேஸ் இல்லாமல் ஹீட்டர் பற்றப் பார்த்தது. அந்தப் பொறியை நீக்கா மறந்தே போயிருந்தாள். அம்மா அவளுடைய கோட்டுக் காலரைப் பிடித்து வாசலுக்கு வெளியே வீசினாள், தானும் வந்து விழுந்தாள். இருவரும் பனியில் முகம் புதைத்துக் கிடந்தார்கள். க்ளிக் என்றது. மறுபடி ஒருமுறை. பிறகு ஓய்ந்தது. ஒன்றும் ஆகவில்லை. காற்று முந்திக்கொண்டது.

வெகுநேரம் கழித்து நீக்கா கொக்கியோடு போய்க் கம்பியை இழுத்து, ஹெட்டைப் பனிக்குவியலில் எறிந்தாள். அது சீறிக்கொண்டே பனியை உருக்கி உள்ளே இறங்கியது. பார்க்கக் கரித்துண்டு மாதிரி இருந்தது. கண்ணாடியாக வழவழத்திருந்த அடிப்பக்கம் அம்மை வடுவாகப் பொரிந்திருந்தது.

அப்பா வந்தபோது இருட்டிவிட்டது. திறந்த கராஜையும் பனிக்குழியையும் பார்த்தார். நீக்கா ஒரே மூச்சில் சொன்னாள். அவள் பயந்தபடியே அவர் ஹெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஆனால் அதை அவர் பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. கண் உத்தரத்தில் இருந்தது.

"மூடி போட்டியா?"

"போட்டேன்."

"வால்வை முதல்ல மூடினியா, கதவை முதல்ல தொறந்தியா?"

"வால்வை."

"நிச்சயமா வால்வைத்தானே?"

"ஆமாப்பா."

"நான் ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சேன்," என்றார், யாரிடமோ சொல்வதுபோல. படியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றப் பார்த்தார். அம்மா வந்து ஒவ்வொரு விரலாக உருவிவிட்டாள்.

"வேற ஹெட்டு தேடணும் ரூடி."

"அது கிடக்கு விடு." மகள் பக்கம் திரும்பி, "மூணாவது தடவையா கேக்கறேன்னு கோவிச்சுக்காதே நீக்கா. வால்வைத்தானே முதல்ல?"

உள்ளே போனார்கள். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டிய சர்மா நேற்றே செய்தது பாத்திரத்தில் இருந்தது. சூடு பண்ணலாம் என்று அம்மா அடுப்பின் குமிழைத் திருகினாள்.

க்ளிக்.

மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். அம்மாவின் கை குமிழிலிருந்து மெதுவாகத் திரும்பி வந்தது.

"ஆறினதே நல்லாத்தான் இருக்கும்," என்றார் அப்பா. கோட்டைக் கழற்றாமலே மேஜையில் உட்கார்ந்து, சில்லிட்ட சர்மாவைச் சாப்பிட்டார்கள்.