கடலில் கட்டிய பள்ளிக்கூடம்

வாருங்கள், இந்த அநீதியைக் கண்ணாரக் காணுங்கள். பின்லாந்தின் மேற்குக் கரையில் ஸ்டென்ஷேர் என்னும் மீனவர் ஊரின் பள்ளிக்கூடம், தன் நிலம் வந்து சேர்வதற்கு ஐம்பத்துநான்கு ஆண்டுகள் முன்னதாகவே கடலுக்குள் நின்றுகொண்டிருந்தது. அந்த ஒரு குற்றத்துக்காக அதை இழுத்துப் பூட்டும்படி ஆணை வந்தது. அவ்வூரில் தரை ஆண்டுதோறும் ஒரு சுண்டுவிரல் நகத்தளவு கடலிலிருந்து எழும்பும். தகப்பன் கட்டிய படகுக்கொட்டகையை மகன் பெயர்த்தெடுத்துத் தண்ணீர் விலகிய இடத்துக்குக் கொண்டுபோவான். மகளுக்குச் சீராக முழங்காலளவுக் கடலை எழுதிவைப்பார்கள். அவள் பேத்தி அதில் புல் அறுப்பாள். இப்படிப் பழகிய மக்கள், எழும்பப்போகும் பொதுநிலத்தை நம்பி, பாறைகள்மேல் தூண் நட்டு முன்கூட்டியே பள்ளி கட்டினார்கள். ஊர்ச் சபைத் தலைவர் இவார் கணக்குப் போடும்போது மில்லிமீட்டரைச் சென்டிமீட்டராக எழுதிவிட்டார். ஆறு ஆண்டில் வரவேண்டிய தரை வரவில்லை. பத்தொன்பது பிள்ளைகளும் படகில் வந்து படித்துப் போனார்கள். ஊரில் எவரும் அதைக் குறையாக எண்ணவில்லை.

எண்ணியது நகரத்துக் கல்வி அலுவலகம். அக்டோபர் முதல் நாளில் பள்ளியைச் சுற்றி உலர்ந்த தரை இல்லையேல் பிள்ளைகள் அனைவரும் நகரத்து விடுதிக்கு அனுப்பப்படுவர் என்று ஆகஸ்ட் மாதம் ஓலை வந்தது. ஏழு வயதுக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிப்பதற்கு ஒரு ரப்பர் முத்திரை போதுமாம்! ஆசிரியை ஒட்டிலியா அதை இருமுறை படித்தாள். இவார் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

“ஏம்மா ஒட்டிலியா, நான் தப்பாப் போட்ட கணக்குக்கு அந்தக் குட்டிங்களையா அனுப்பணும்? என்னை அனுப்பச் சொல்லு. எனக்கும் நாலாங்கிளாஸ் பாக்கி இருக்கு.”

மறுநாள் பாடம் ஐரோப்பாக் கண்டத்தின் தோற்றம். அரசு தந்த புத்தகம் அதை ஒரே வரியில் முடித்திருந்தது: கண்டம் உருவாகும் பணி வெகுகாலத்துக்கு முன்பே நிறைவுற்றது. ஒட்டிலியா புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பிள்ளைகளின் காலுக்கடியில் கிடக்கும் பாறைக்கு ஏறக்குறைய இருநூறு கோடி வயது என்றாள். அதன்மேல் மூன்று கிலோமீட்டர் உயரப் பனிக்கட்டி ஏறி உட்கார்ந்து அழுத்தியதையும், அது உருகி இறங்கியபின் அமுங்கிய நிலம் இன்றுவரை முதுகை நிமிர்த்திக்கொண்டிருப்பதையும் சொன்னாள். மணி அடித்தபோது, பாறையில் ஆண்டுதோறும் நீர்மட்டக் கோடு வெட்டும் மீனவனின் மகள் டாக்னி சன்னலில் எட்டிப் பார்த்து, தண்ணீர் நான்கு விரல் இறங்கியிருப்பதாகச் சொன்னாள். நிலம் பாடம் கேட்கிறது என்பது ஒட்டிலியாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அதன்பின் அந்த வகுப்பில் இடைவேளை கிடையாது, பிள்ளைகளே வேண்டாமென்றார்கள். கறுப்பு ரொட்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையை உயர்த்திக் கேள்வி கேட்டார்கள். நார்வேயின் பழைய மலைகள் தேய்ந்த கதைக்கு மூன்று விரல் கிடைத்தது. ஆப்பிரிக்கா வந்து இடித்ததில் ஆல்ப்ஸ் மடிந்து உயர்ந்ததைச் சொன்ன வியாழக்கிழமை, தென்மூலையில் இடுப்புயர மலைத்தொடர் ஒன்று உச்சியில் பனியோடு முளைத்தது. பிள்ளைகள் அதில் ஈரக் காலுறைகளைக் காயவைத்தார்கள். வால்கா நதி பால்டிக் கடலில் கலக்கிறது என்று ஒருவன் உளறியபோது ஒரு விரல் நிலம் அமிழ்ந்தது. காஸ்பியன் என்று பத்தொன்பது பேரும் ஒரே குரலில் திருத்தியதும் அது திரும்பி வந்தது. ஊர்ப் பெண்கள் படகை வெளியே கட்டிவிட்டு உள்ளே வந்து பின்வரிசையில் அமர்ந்தார்கள். இவாரும் அமர்ந்தார். செப்டம்பர் முடிவில் இன்னும் ஒரே ஒரு சாண் ஆழம் மிச்சமிருந்தது.

அக்டோபர் முதல் நாள் காலை கல்வி அலுவலகக் கண்காணிப்பாளர் ஹோல்ஸ்ட்ரெம் படகில் வந்து இறங்கினார். கணுக்கால் நனைந்த கோபத்தோடு கரும்பலகை முன் நின்று, புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி ஒப்பித்தால் ஓராண்டு அவகாசம் பரிந்துரைப்பதாகவும், மறுத்தால் ஆசிரியையின் வேலையும் சேர்ந்தே போகுமென்றும் அறிவித்தார். முதல் வரிசைச் சிறுவன் எழுந்து, கண்டம் உருவாகும் பணி நிறைவுற்றது என்று சொன்னான். வாசற்படியில் தண்ணீர் ஏறியது. ஒட்டிலியா அதைப் பார்த்தாள். ஒரு தலையசைப்பில் பிள்ளைகளுக்கு ஓராண்டை வாங்கிக் கொடுத்துவிடலாம். ஆனால் எந்த நிலத்தில் நின்று அதை அனுபவிப்பது? அவள் தலையசைக்கவில்லை. டாக்னியைப் பார்த்தாள்.

டாக்னி எழுந்தாள். “முடியலைங்க சார். இன்னும் எழும்பிட்டேதான் இருக்கு.”

“அப்படின்னு யார் சொன்னா, பாப்பா?”

“யாரும் சொல்ல வேணாம். உங்க படகைப் பாருங்க.”

பின்வரிசைப் பெண்கள் எழுந்தார்கள், பிள்ளைகள் எழுந்தார்கள். இருநூறு கோடி ஆண்டுப் பாறையிலிருந்து நேற்றைய நீர்மட்டம்வரை ஒரே மூச்சில் முழங்கினார்கள். வெளியே படகு கூழாங்கற்கள்மேல் சாய்ந்து கிடந்தது. ஒரு மீன் துள்ளிக் குட்டைக்குப் போனது. ஊர்வரைக்கும் தரை ஈரமாக, பளபளப்பாக விரிந்திருந்தது. ஹோல்ஸ்ட்ரெம் வெளியே வந்து பார்த்துவிட்டு, சுற்றிலும் தரை உண்டு என்று படிவத்தில் குறித்துக் கையெழுத்திட்டு, காலணியைக் கையில் பிடித்தபடி நடந்தே திரும்பினார். மறுவாரம் ஊர்ச் சபை கூடிப் புது நிலத்தைப் பங்கு பிரித்தது. முதல் பங்கு பள்ளிக்கு. அடுத்த கோடையில் அதில் புல் அறுத்தார்கள். விளைச்சல் சுமார்.

ஸ்டென்ஷேர் பிழைத்துக்கொண்டது. அந்த ஒற்றை வரியோ மற்றப் பள்ளிகளின் புத்தகங்களில் இன்றும் அப்படியே இருக்கிறது. உலகம் முடிந்த பொருள், நீ வெறும் பார்வையாளன் என்று நாள்தோறும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதைப் படித்தவர்களே, இன்று மாலை உங்கள் பிள்ளையின் பையைத் திறவுங்கள். அந்தப் பக்கத்தைக் கண்டுபிடியுங்கள். பிள்ளையின் கையில் எழுதுகோலைக் கொடுத்து, அந்த வரியைத் தானே கோடிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.