ஊருக்குப் பேசுகிற குரல்

"ஏட்டி" என்று செல்போன் கூப்பிட்டது. அச்சு அசல் சோலைராஜின் குரல். ஆனாலும் அவர் மனைவி வெங்கடேஸ்வரி முகத்தைத் திருப்பவில்லை. ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

ராஜபாளையத்தில் அந்தக் குரலைக் கேட்காத தெரு குறைவு. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் கொடை, குடிநீர் நிறுத்தம், இறந்தவர் செய்தி எல்லாமே ஆட்டோவில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி வழியாக அவர் குரலில்தான் வரும். தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்த பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்ட மகள் இந்து அந்த அறிவிப்புகளின் பதிவுகளைச் செயலி ஒன்றில் ஏற்றிக் கொடுத்தாள். அவர் தட்டச்சு செய்வதை அது அவர் குரலில் பேசும். கண்ணை மூடிக்கொண்டால் அவரேதான் என்று டீக்கடையில் சொன்னார்கள்.

வெங்கடேஸ்வரிக்குக் கண்ணை மூட வேண்டியதில்லை. சர்க்கரை நோயில் பார்வை போய்விட்டது. வீட்டில் அவர் இருப்பதே அவளுக்குக் குரலாகத்தான் தெரியும். இப்போது அவர் பேசாமல் கையைத் தொட்டால் திடுக்கிட்டு இழுத்துக்கொள்கிறாள்.

'நான்தாண்டி பேசுதேன்' என்று தட்டினார். செல்போன் ஒவ்வொரு சொல்லின் கடைசியையும் தெருமுனை வரை இழுத்தது.

"அத அணைங்க. யாரு வீட்டு எழவோன்னு இருக்கு," என்றாள் அவள். "அது ஊருக்குப் பேசுத குரலு. எனக்கு எதுக்கு?"

பதிவு போதவில்லை என்று நினைத்த இந்து, இன்னும் நிறைய அறிவிப்புகளை ஏற்றினாள். முன்பைவிட மோசமாயிற்று. காரணம் எளிது. செயலி சொற்களைச் சேர்த்து வைப்பதில்லை. எங்கே குரலை ஏற்றுகிறார், எங்கே இழுக்கிறார், எங்கே மூச்சு வாங்குகிறார் என்று பழகிக்கொள்கிறது. கேட்காததை அதற்குச் செய்யத் தெரியாது. அது கேட்டதெல்லாம் தெருவைக் கூப்பிடும் ஒரு மனிதரைத்தான்.

அறிவிப்புகளைப் பதிவு செய்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒலிபெருக்கிக் கடை வைத்திருக்கும் காளிராஜ். முன்னும் பின்னும் வரும் பேச்சை வெட்டிவிட்டுத்தான் ஆட்டோவுக்குக் கொடுப்பார். வெட்டாத மூலப்பதிவுகள் அவர் கணினியில் அப்படியே கிடந்தன. இந்து அவற்றை வாங்கி வந்து, அம்மா பக்கத்தில் வைத்து ஒன்றை ஓடவிட்டாள்.

கொடை அறிவிப்பு முடிந்தது. ஓர் இருமல். பிறகு தணிந்த குரல்: "ஏலே காளி, செத்த நேரம் நிறுத்து. தொண்ட காயுது. வீட்ல அவ சாப்பிட்டாளோ என்னமோ."

வெங்கடேஸ்வரி எழுந்துவிட்டாள். "எங்க இருக்கிய?"

சோலைராஜ் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தார். கழுத்துத் துளையில் காற்று மட்டும் வந்தது. அவள் கை அவர் தோளை உரசி, அவரைத் தாண்டி, செல்போனைத் தேடிப் போனது. ஒரு காலத்தில் அவராக இருந்தவரை அது தேடியது. அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்து செயலியிலிருந்து அறிவிப்புகள் முழுவதையும் அழித்தாள். மைக்கை அணைப்பதற்குள் அவர் காளிராஜிடம் பேசிய துண்டுகளை மட்டும் வெட்டிச் சேர்த்து ஏற்றினாள். செல்போனை அவர் சட்டைப் பையில் போட்டு, குரல் அவர் நெஞ்சிலிருந்து வரும்படி செய்தாள். செல்போன் "ஏட்டி" என்றது. வெங்கடேஸ்வரி அவர் பக்கம் திரும்பி, "சாப்டியளா?" என்றாள்.